இறங்கிய வலது தோள்

அந்தத் தீவில் கவசத்தார் தெருவில் நடந்து போனால் எல்லோரும் குனிந்து தங்கள் கால் விரல்களைப் பார்த்துக்கொள்வார்கள். அது பயமும் இல்லை, பக்தியும் இல்லை. நடையைப் பார்த்தால் ஆள் யாரென்று தெரிந்துவிடும், அதனால்தான். முகத்தை இரும்புக்குள் மறைத்துவிடலாம், நடையை எதற்குள் மறைப்பது? சின்ன ஊர் வேறு. இருட்டில் யாராவது இருமினாலே இன்னார் வீட்டு மாமா என்று சொல்லிவிடுவார்கள்.

கவசம் துறைமுகத்துப் பட்டறையில் இருந்தது. மலையின் வயிற்றிலிருந்து எடுத்த இரும்பில் அடித்தது என்பார்கள். எந்தச் சூட்டிலும் உருகாது. அதைப் போட்டவர் ஒரு மீன்பிடிப் படகைத் தலைக்கு மேல் தூக்கலாம், கூரை விட்டுக் கூரை தாவலாம். மலை பொங்கும்போதெல்லாம் ஊரில் யாரோ ஒருவர் அதற்குள் புகுந்து வெளியே வருவார். யார் என்பது பட்டறைக்காரருக்கு மட்டும்தான் தெரியும். அவரோ கல்லுளிமங்கன், வாயைக் கிண்டினாலும் ஒன்றும் வராது. உள்ளே இருப்பவர் ஒரு வார்த்தை பேசக்கூடாது, வெளியே இருப்பவர்கள் ஒரு வார்த்தை கேட்கக்கூடாது. உள்ளே நிற்பது தன் புருஷன் என்று தெரிந்தால் ஒருத்தி படகில் ஏறுவாளா? தன் பிள்ளை என்று தெரிந்தால் எந்த அம்மா கரையை விட்டு நகருவாள்? யாரோ ஒருவர் என்று இருந்தால்தான் ஊர் முழுக்க ஓடித் தப்பும். அதற்காகத்தான் இந்தக் கால்விரல் மரியாதை.

கவசத்துக்கு உள்ளே போடுகிற உறையைத் தைப்பவளை ஊர் ஊசி என்று கூப்பிட்டது. ஆளும் ஒல்லி, வாயும் குத்தும், தொழிலும் அதுவே. பெயர் வைத்தவர்கள் அதிகம் மெனக்கெடவில்லை. கம்பளியையும் பருத்தியையும் மாற்றி மாற்றி அடுக்கி, நெருக்கமாகத் தையல் ஓட்டி, மெத்தை மாதிரி கனமாக ஒரு சட்டை தைப்பாள். போடுவதற்கு முன் அதைக் கடல்நீரில் ஊறவைப்பார்கள். இரும்பின் சூட்டுக்கும் உள்ளே இருக்கும் தோலுக்கும் நடுவில் அந்த ஈரத்துணி மட்டும்தான்.

அளவு அவளுக்குக் கயிறாக வரும். பட்டறைக்காரர் அவள் தையல் கடைக் கதவின் கைப்பிடியில் ஒரு கொத்துக் கயிற்றைக் கட்டிவிட்டுப் போய்விடுவார். மார்புக்கு ஒன்று, இடுப்புக்கு ஒன்று, இடது தோளிலிருந்து இடுப்புவரை ஒன்று, வலது தோளிலிருந்து இடுப்புவரை ஒன்று. அளவு முடிகிற இடத்தில் ஒரு முடிச்சு. அவ்வளவுதான். ஊசி தைத்துக் கொடுத்துவிட்டுக் கயிற்றை அடுப்பில் போட்டுவிடுவாள்.

இந்தத் தடவை வந்த கொத்தைப் பார்த்ததும் அவளுக்குச் சிரிப்பு வந்தது. ஆள் குட்டை, ஆனால் நல்ல அகலம். ரொட்டிக் கடைக்காரராக இருக்குமோ என்று நினைப்பு ஓடியது. சீ, யோசிக்கக் கூடாது என்று நாக்கைக் கடித்துக்கொண்டாள். அப்புறம் தோள் கயிறுகளைச் சேர்த்துப் பிடித்தாள். வலது கயிற்றின் முடிச்சு இடதைவிட இரண்டு விரல் மேலே ஏறியிருந்தது. அதாவது வலது தோள் இரண்டு விரல் இறங்கியிருக்க வேண்டும்.

"இந்த மனுஷன் அவசரத்துல முடிச்சைத் தப்பாப் போட்டுட்டாரு" என்று ஊசி தனக்குத்தானே சொல்லிக்கொண்டாள். எந்த ஆளுக்குத் தோள் இப்படி இருக்கும்? பட்டறைக்காரரிடம் போய்க் கேட்கலாம் என்றால், கேட்பதுதான் கூடாதே. யாராக இருக்கும் என்று யோசித்துச் சரிபார்க்கலாம் என்றால், அதுவும் கூடாது. அதனால் தன் கெட்டிக்காரத்தனத்தைக் காட்டினாள். இரண்டு தோளையும் ஒரே அளவாக வெட்டித் தைத்தாள். தப்பைத் திருத்திவிட்ட திருப்தியோடு அன்றைக்கு நிம்மதியாகத் தூங்கினாள்.

அவள் வீட்டிலேயே ஒரு நாத்தனார் இருந்தார். புருஷனுக்கு அக்கா, கல்யாணம் கட்டிக்கொள்ளாதவர், ஊருக்குத் தண்ணீர் லாரி ஓட்டுபவர். லாரி வருவதற்கு முன்னே அவர் குரல் வந்துவிடும் என்பதால் ஊரில் அவருக்கு ஹாரன் என்று பெயர். ஊசி வாய் நிறைய அண்ணி என்றுதான் கூப்பிடுவாள், மனசு நிறைய வேறு பெயர்கள் வைத்திருந்தாள். புதிதாகக் கல்யாணமாகி வந்தபோது அவருக்கு ஆசையாக ஒரு ஜாக்கெட் தைத்துக் கொடுத்தாள். அளவு கேட்கவில்லை, கண்ணாலேயே எடுத்தாள். "இதுல மூச்சு விடணும்னா சுவத்துக்கு லீவு குடுத்துட்டுத்தான் விடணும்" என்று ஹாரன் தெருவுக்கே கேட்கச் சொல்லிவிட்டார். சுவருக்கும் மூச்சுக்கும் என்ன சம்பந்தம் என்று இன்றுவரை யாருக்கும் புரியவில்லை. ஆனால் தெரு சிரித்தது. அதன்பிறகு ஹாரன் கடையில் விற்கிற ஆண்பிள்ளைச் சட்டைதான் போட்டார், ஊசியின் டேப்பும் அவர்மேல் படவில்லை.

ஹாரனுக்கு ஒரு பழக்கம். துண்டை வலது தோளில் போடுவார். அது வழுக்கி விழும். தோளை வெடுக்கென்று மேலே உதறுவார். மறுபடி வழுக்கும். திட்டிக்கொண்டே இடது தோளுக்கு மாற்றுவார். எப்போதோ லாரித் தொட்டியின் இரும்பு மூடி விழுந்து வலது தோள் எலும்பு முறிந்து, கோணலாகக் கூடியிருந்தது. தினமும் நடக்கிற இந்தக் கூத்தை ஊசி தினமும் பார்த்தாள். பார்த்தும் அந்தக் கயிற்றோடு இதைச் சேர்த்துப் பார்க்க அவளுக்குத் தோன்றவில்லை. பேசாமல் இருக்க வேண்டிய வேலைக்கு ஹாரனை யாராவது கூப்பிடுவார்களா?

மலை ஒரு காலைநேரத்தில் வெடித்தது.

முதலில் தட்டு, டம்ளர் எல்லாம் அலமாரியில் தானாகக் குலுங்கின. அப்புறம் பகல் இருண்டது. சாம்பல் சத்தமில்லாமல் விழுந்தது, கூரைமேல், துணிக்கொடிமேல், வாயைப் பிளந்து நின்றவர்களின் நாக்குமேல். சங்கு ஊதியது. ஊர் முழுக்கப் படகுத்துறைக்கு ஓடியது. ஊசி நகையை எடுக்க மறந்து தையல் பையை எடுத்துக்கொண்டு ஓடினாள். ஹாரன் வீட்டில் இல்லை. காலையிலேயே லாரியை எடுத்துக்கொண்டு போயிருந்தார்.

துறையில் எள் விழ இடமில்லை. ஊசியின் புருஷன்தான் பெரிய படகை ஓட்டுகிறவர். நிறைய ஆட்களை ஏற்றிக்கொண்டு அக்கரைக்குப் போய், இறக்கிவிட்டு, திரும்பி வந்து, மறுபடி ஏற்றிக்கொண்டிருந்தார். பெண்டாட்டியைப் பார்த்து "ஏறு" என்று கத்தினார். "புள்ளைங்க இருக்கறவங்க முன்னாடி போகட்டும்" என்று ஊசி ஒதுங்கி நின்றாள். அப்போதுதான் கூட்டம் மொத்தமும் மலைப்பக்கம் திரும்பியது.

தணலன் இறங்கி வந்துகொண்டிருந்தான்.

ஒரு காலத்தில் கந்தகம் வெட்டப் போய்த் திரும்பாத கூலியாள் என்று சிலர் சொல்வார்கள், மலை பெற்ற பிள்ளை என்று சிலர். யாராக இருந்தாலும் அவனுக்குத் தெரிந்தது ஒன்றுதான். எரிப்பான், எரித்ததைத் தின்று வளர்வான். மலையின் வாயிலிருந்து வெளியே வந்தபோது ஒரு மரத்தின் உயரம் இருந்தவன், தோட்டங்களைத் தாண்டியபோது பள்ளிக்கூடத்து மாடி உயரம் ஆகிவிட்டான். உடம்பு முழுக்க நெருப்பு, நெருப்பின்மேல் கருகிய மேலோடு. அவன் அடி வைக்கும்போது மேலோடு பிளந்து உள்ளிருந்து வெளிச்சம் கொட்டியது. அந்த வெளிச்சத்தில் துறையில் நின்ற ஒவ்வொரு முகமும் சிவந்தது. ஓட வேண்டும் என்று எல்லோருக்கும் தெரியும். ஆனாலும் ஒருவரும் அசையவில்லை. அவ்வளவு பெரிய ஒன்று நடந்து வருவதை அவர்கள் பிறந்ததிலிருந்து பார்த்ததில்லை. ஊசியாலும் கண்ணை எடுக்க முடியவில்லை.

அவன் குறி துறைமுகத்தின் ஓரத்தில் இருந்த எண்ணெய்த் தொட்டிகள். அவை அவன் கையில் கிடைத்தால் துறை இல்லை, படகு இல்லை, துறையில் நிற்கும் சனமும் இல்லை.

பட்டறைக் கதவு திறந்தது. கவசத்தார் வெளியே வந்தார்.

கூட்டம் பழக்கத்தில் குனிந்து கால் விரலைப் பார்த்தது. கவசத்தார் ஓடத் தொடங்கினார். ஒவ்வொரு அடிக்கும் துறையின் கல்தளம் அதிர்ந்தது. ஏலக் கொட்டகையின் கூரையில் ஏறி, அங்கிருந்து எழும்பி, சாம்பல் மேகத்துக்குள் மறைந்து, தணலனின் நெஞ்சில் போய் இறங்கினார். பெரிய கோவில் மணியைப் பக்கத்தில் நின்று கேட்டால் எலும்புக்குள் போகுமே, அப்படி ஒரு சத்தம். தணலன் தடுமாறி ஒரு கால் பின்னே வைத்தான். இதற்குமேல் யார் குனிந்திருப்பது? எல்லாத் தலையும் நிமிர்ந்துவிட்டது. மரியாதை மறந்து ஊரே வாயைப் பிளந்தது.

"யாருடா உள்ளே?" என்று தணலன் கேட்டான். குரல் மலைக்குள்ளிருந்து வந்தது போலிருந்தது. "பேரைச் சொல்லு. பேர் இல்லாதவனுக்கா இவ்வளவு திமிர்?"

பதிலுக்குக் கவசத்தார் இன்னொரு அடி கொடுத்தார். தணலன் கையை வீசினான். கவசத்தார் குனிந்து, அந்தக் கையைப் பிடித்து, முறுக்கினார். கருகிய மேலோடு தெறித்து வானத்தில் பறந்து, கடலில் விழுந்து சீறியது. இந்தச் சின்ன இரும்பு உருவம் அந்த நெருப்பு மலையைத் தடுத்து நிறுத்தியது. பக்கத்தில் நின்ற மீன்கார அம்மா தன்னை அறியாமல் கை கூப்பினார். ஊசியின் கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது. பயத்தில் வந்ததா வேறு எதில் வந்ததா என்று அவளுக்கே தெரியவில்லை. மனுஷ ஜென்மம் எடுத்த ஒருவர் இப்படியும் நிற்க முடியுமா என்று மட்டும் நினைத்தாள்.

அப்போது கவசத்தார் வலது தோளை வெடுக்கென்று மேலே உதறினார்.

ஊசி கண்ணைக் கசக்கிக்கொண்டு பார்த்தாள். கவசத்தார் இடது கையால் குத்தினார், வலது கையைப் பாதிக்குமேல் தூக்கவில்லை. மறுபடி உதறினார். வழுக்கி விழும் துண்டை மேலே ஏற்றுகிற அதே உதறல். அவள் வீட்டுக் கூடத்தில் தினமும் நடக்கிற அதே கூத்து.

முடிச்சு தப்பில்லை. தோள்தான் அப்படி. தான் சமமாக வெட்டிய உறை அந்த இறங்கிய தோளில் நிற்காமல் வழுக்கி, அக்குளில் சுருண்டு கையைத் தூக்கவிடாமல் அடைத்துக்கொண்டிருக்கிறது. மேலே தோல் திறந்துகிடக்கிறது. அந்தத் திறந்த தோலின்மேல் பழுத்த இரும்பு உட்கார்ந்திருக்கிறது. அண்ணி உள்ளே வெந்துகொண்டிருக்கிறார். தெருவே அதிரக் கத்துகிற மனுஷி, ஒரு சத்தம்கூடப் போடாமல் வெந்துகொண்டிருக்கிறார்.

"அண்ணி!" என்ற கூப்பாடு தொண்டைவரை வந்துவிட்டது. ஊசி முந்தானையை வாயில் திணித்துக்கொண்டாள்.

படகு மறுபடி துறையைத் தொட்டது. புருஷன் கயிற்றைக் கட்டிக்கொண்டே கேட்டார்.

"அக்காவைப் பாத்தியா?"

ஊசி கவசத்தார் பக்கமே பார்த்துக்கொண்டு நின்றாள்.

"உன்னத்தான் கேக்கறேன். அக்கா எங்க? அக்கரையிலயும் காணோம், எல்லாரையும் கேட்டுட்டேன். லாரி மட்டும் எண்ணெய்த் தொட்டிப் பக்கம் நிக்குது. நீ படகைப் பாத்துக்க, நான் போய்த் தேடிட்டு வந்துடறேன்."

ஒரு காலைப் படகிலிருந்து வெளியே வைத்துவிட்டார். அவர் இறங்கினால் படகை ஓட்ட ஆளில்லை. துறையில் இன்னும் பாதி ஊர் நின்றது. ஊசிக்கு இத்தனை வருஷமாகப் புரியாத கால்விரல் மரியாதை அந்த நொடியில் முழுசாகப் புரிந்தது.

"எதுக்குங்க தேடறீங்க?" என்றாள். "பட்டறைக்காரர் வீட்டுச் சின்னப் படகுல அண்ணி அப்பவே போயிட்டாங்க. நான்தான் ஏத்திவிட்டேன். போற அவசரத்துலயும் ‘உன் புருஷன் ஓட்டற படகுல நான் ஏறமாட்டேன், கவுத்துடுவான்’னு சொல்லிட்டுப் போனாங்க."

புருஷன் முகத்தில் ரத்தம் திரும்பியது. "அக்கா சொல்லியிருப்பாங்க" என்று லேசாகச் சிரித்தார். காலை உள்ளே எடுத்தார். ஆட்களை ஏற்றத் தொடங்கினார். ஊசி கல்யாணத்துக்குப் பிறகு அவரிடம் சொன்ன முதல் பெரிய பொய் அதுதான்.

அதற்குள் தணலன் கவசத்தாரை ஒரு பக்கம் தள்ளிவிட்டு எண்ணெய்த் தொட்டிகளை நெருங்கிவிட்டான். கவசத்தார் சுற்றும்முற்றும் பார்த்தார். வழியோரம் தண்ணீர் லாரி நின்றது. ஓடிப்போய் இடது கையையும் முதுகையும் கொடுத்து அதை அப்படியே நெம்பித் தூக்கினார்.

"ஐயையோ, ஹாரன் அக்கா லாரி!" என்று கூட்டத்தில் யாரோ அலறினார்கள். "அவங்க வந்தா கவசத்தாருக்கே காது செவிடாகற மாதிரி வாங்கிக் கட்டிக்கணும்!"

அந்த நேரத்திலும் நாலு பேர் சிரித்தார்கள். ஊசிக்குச் சிரிப்பு வரவில்லை.

லாரி தணலனின் தலையில் கவிழ்ந்து வெடித்தது. தொட்டித் தண்ணீர் முழுவதும் அவன்மேல் கொட்டியது. நீராவி எழும்பி வானம் வெள்ளையானது. நீராவி விலகியபோது தணலன் இடுப்புவரை கருங்கல்லாக இறுகி, அடியெடுத்து வைக்க முடியாமல் நின்றான். ஆனால் கை இறுகவில்லை. ஒரே வீச்சு. கவசத்தார் தூக்கியெறியப்பட்டு வலைக் கொட்டகையின் பின்னால் போய் விழுந்தார். எழுந்திருக்கவில்லை. தணலன் காலை உதறி உதறிக் கல்லை உடைக்கத் தொடங்கினான்.

ஊசி தையல் பையைக் கட்டிப்பிடித்துக்கொண்டு ஓடினாள். பின்னால் புருஷன் கத்தியது காதில் விழுந்தது. அவள் திரும்பவில்லை.

கொட்டகைக்குப் பின்னால் வலைக் குவியலின்மேல் கவசத்தார் சாய்ந்து கிடந்தார். பட்டறைக்காரர் வாளி வாளியாகக் கடல்நீரை ஊற்றிக்கொண்டிருந்தார். ஊற்றிய தண்ணீர் இரும்பில் பட்டதும் ஆவியாகப் போனது.

"கிட்ட வராதே! போ!" என்றார் பட்டறைக்காரர்.

"வலது தோள் தகட்டை மட்டும் கழட்டுங்க. முகத்தைத் தொட வேண்டாம்."

"உனக்கு எப்படித் தெரியும்?"

"எனக்கு ஒண்ணும் தெரியாது" என்றாள் ஊசி. "உறை தப்பா இருக்கு. தைச்சவ நான். நான்தான் சரி பண்ணணும்."

பட்டறைக்காரர் அவளை ஒரு பார்வை பார்த்தார். பிறகு ஈரச்சாக்கைக் கையில் சுற்றிக்கொண்டு தோளின் ஆணியைத் தட்டிக் கழற்றினார்.

தகடு திறந்தது. ஊசி நினைத்தது போலவேதான். உறை வழுக்கி, அக்குளில் பந்தாகச் சுருண்டிருந்தது. அதற்கு மேலே கோணலாகக் கூடிய அந்தத் தோள் எலும்பு, பழைய தழும்பு. தழும்பின்மேல் தோல் கொப்பளித்து உரிந்து ரத்தமாக இருந்தது. பார்க்காதே, துணியை மட்டும் பார் என்று தனக்கே சொல்லிக்கொண்டாள். கத்தரியை எடுத்தாள்.

"ஐயா" என்றாள். தன் நாத்தனாரைத்தான் ஐயா என்றாள், அப்படித்தான் சொல்ல வேண்டியிருந்தது. "கொஞ்சம் வலிக்கும். பொறுத்துக்கோங்க ஐயா."

இரும்புக்குள்ளிருந்து ஒரு மூச்சு மட்டும் வந்தது.

சுருண்ட துணியை வெட்டினாள். உறையை இழுத்து மேலே ஏற்றினாள். தன் முந்தானையைக் கிழித்து நாலாக மடித்து, கடல்நீரில் நனைத்து, இறங்கிய தோளின் பள்ளத்தில் வைத்தாள். சாக்குத் தைக்கிற பெரிய ஊசியில் மெழுகு நூலைக் கோத்து, இரண்டு விரல் அளவுக்கு மடிப்பைப் பிடித்துத் தைத்தாள். இரும்பின் ஓரம் பட்டுப் பட்டு விரல் நுனியெல்லாம் சுட்டது. கை நிற்கவில்லை. அவளுக்கு அழுகை முட்டிக்கொண்டு வந்தது. ஒரு கயிற்றை நம்பாமல் போனோமே, ஒரு முடிச்சை நம்பாமல் இந்த உடம்பை இப்படிச் சுட்டுவிட்டோமே என்று நெஞ்சு அடித்துக்கொண்டது. மூக்கை உறிஞ்சிக்கொண்டு கடைசித் தையலை இழுத்து முடிச்சுப் போட்டாள்.

"இப்பத் தூக்குங்க."

கவசத்தார் வலது கையைத் தூக்கினார். அது தலைக்குமேல் நேராக ஏறியது. பட்டறைக்காரர் மிச்சத் தண்ணீரை உள்ளே ஊற்றித் தகட்டை மூடினார். கவசத்தார் எழுந்து நின்றார். ஊசி அவசரமாகக் குனிந்து தன் கால் விரல்களைப் பார்த்தாள். இரும்புக் கை ஒன்று அவள் தோளைப் பிடித்துப் படகுப் பக்கமாகத் திருப்பித் தள்ளியது. அவள் நகர்ந்தாள், ஆனால் போகவில்லை. படகு இறக்குகிற சரிவு வரைக்கும்தான் அவள் கால் போயிற்று.

தணலன் கல்லை உடைத்துக்கொண்டு வெளியே வந்துவிட்டான். தொட்டியைத் தொடக் கை நீட்டினான். கவசத்தார் பின்னாலிருந்து பாய்ந்து இரண்டு கையாலும் அவன் ஒரு காலைக் கட்டிப் பிடித்தார். பிடித்துத் தூக்கினார்.

அன்றைக்கு அங்கே இருந்தவர்கள் இதை எத்தனை தடவை சொன்னாலும் கேட்பவர்களுக்குப் புரியவைக்க முடியாது. மாடி உயர நெருப்பு தரையை விட்டு மேலே எழுந்தது. அதன் அடியில் ஒரு குட்டையான இரும்பு உருவம் நின்றது. தணலன் அடித்தான், உதைத்தான், உருகிய கல்லை மழையாகக் கொட்டினான். கவசம் சிவந்து, மஞ்சளாகி, வெளுத்தது. கவசத்தார் பிடியை விடவில்லை. ஒவ்வோர் அடியாகச் சரிவில் இறங்கிக் கடலை நோக்கி நடந்தார். அவர் கால் பட்ட இடமெல்லாம் கல்லில் அச்சு விழுந்தது. சரிவின் ஓரத்தில் நின்ற ஊசியை அவர் கடந்துபோனபோது அனல் அவள் புருவத்தைக் கருக்கியது. வலது தோள் இறங்கித்தான் இருந்தது. ஆனால் கை விரிந்து, இறுகி, அசையாமல் இருந்தது. தையல் நின்றது.

கவசத்தாரின் கணுக்கால் நனைந்தது. கடல் சீறியது. முழங்கால், இடுப்பு. தணலன் இடுப்புவரை கருத்தான். அவன் உயரம் குறைந்துகொண்டே வந்தது. கடைசியில் ஒரு சாதாரண மனுஷன் அளவுக்கு வந்துவிட்டான். குரலும் அப்படியே ஆகிவிட்டது.

"யார் நீ?" என்று கேட்டான். மிரட்டலாக இல்லை, உண்மையாகவே தெரிந்துகொள்ள ஆசைப்பட்டவன் போலக் கேட்டான்.

அலை இருவரையும் மூடியது.

நீராவி மொத்தத் துறையையும் மறைத்தது. பக்கத்தில் நிற்பவரின் முகம் தெரியவில்லை. ஊசி முழங்கால் ஆழத் தண்ணீரில் இறங்கி நின்றாள். தண்ணீர் வெதுவெதுவென்று இருந்தது. வேண்டாத தெய்வம் இல்லை. ‘எழுந்து வந்துடுங்க அண்ணி. எழுந்து வந்து என்னைத் திட்டுங்க. தெருவுல நிக்கவெச்சுத் திட்டுங்க. எதிர்த்து ஒரு வார்த்தை பேசமாட்டேன்’ என்று மனதுக்குள் கதறினாள். வெளியே உதடு அசையவில்லை.

வெகுநேரம் கழித்து நீராவி விலகியது. கடல் நடுவே ஒரு கருங்கல் உருவம், கழுத்துவரை மூழ்கி, வாய் திறந்தபடி நின்றது. தணலன் கல்லாகிவிட்டான். அதற்கு இப்பால், சரிவின் விளிம்பில், தண்ணீரைப் பிளந்துகொண்டு ஓர் இரும்புக் கை மேலே வந்தது. வலது கை.

துறையில் எழுந்த கூச்சல் மலைக்குக் கேட்டிருக்கும். பட்டறைக்காரர் ஓடிப்போய்க் கவசத்தாரைத் தாங்கிக்கொண்டார். இருவரும் தள்ளாடித் தள்ளாடிப் பட்டறைக்குள் போனார்கள், கதவு மூடியது. அவர்கள் கடந்துபோகும்வரை ஊர் முழுக்கக் குனிந்து கால் விரலைப் பார்த்தது. ஊசியும் பார்த்தாள். அவள் கண்ணீர் அவள் கால்மேலேயே விழுந்தது.

மலை இன்னும் புகைந்துகொண்டிருந்ததால் அன்று மாலை எல்லோரும் அக்கரைப் பள்ளிக்கூடத்தில் இருந்தார்கள். வகுப்பறைப் பெஞ்சுகளைச் சேர்த்துப் போட்டுக் குழந்தைகளைப் படுக்கவைத்திருந்தார்கள். ஊசியின் புருஷன் ஒவ்வோர் அறையாகப் போய்ப் பார்த்துவிட்டுத் திரும்பி வந்தார்.

"அக்காவைச் சின்னப் படகுல ஏத்திவிட்டேன்னு சொன்னியே, எங்க?"

ஊசி வாய் திறப்பதற்குள் வாசலில் குரல் கேட்டது.

"எந்தப் பாவிடா என் லாரியைத் தூக்கிப் போட்டது?"

ஹாரன் நின்றிருந்தார். பெரிய அளவு முழுக்கைச் சட்டை, கழுத்துவரை பொத்தான். துண்டு இடது தோளில் கிடந்தது. முகம் வெளிறி, உதடு வெடித்திருந்தது. குரலுக்கு மட்டும் ஒரு குறையும் இல்லை.

"கவசத்தாராம் கவசத்தார்! அந்த ஆளுக்குக் கண்ணு என்ன பொடனியிலயா இருக்கு? ஊர்ல வேற வண்டியே இல்லையா? நாளைக்குத் தண்ணி வேணும்னு எவனாவது என் வாசல்ல வந்து நிக்கட்டும், அப்ப இருக்கு!"

ஊர் சிரித்தது. ஊசியின் புருஷன் ஓடிப்போய் அக்காவின் கையைப் பிடித்துக்கொண்டு அழுதார். "என்னடா இது, பொம்பளை மாதிரி" என்று ஹாரன் அவரையும் திட்டினார். பிறகு ஊசியின் பக்கம் திரும்பினார். "உன் முந்தானை எங்கடி? கிழிஞ்ச துணியோடதான் ஊர் சுத்துவியா? தையக்காரியாம் தையக்காரி."

ஊசி பேசவில்லை. எதிர்த்துப் பேசமாட்டேன் என்று வேண்டிக்கொண்டிருந்தாளே. ஹாரனைக் கைப்பிடித்து ஆளில்லாத வகுப்பறைக்குள் அழைத்துப் போனாள். கதவைச் சாத்தினாள்.

"அண்ணி, கொஞ்சம் நில்லுங்க. அளவு எடுக்கணும்."

"எதுக்கு? இன்னொரு ஜாக்கெட் தைச்சு என் மூச்சை நிறுத்தவா?"

"ஜாக்கெட் இல்ல."

பையில் டேப் இல்லை, எங்கோ விழுந்திருந்தது. ஊசி ஒரு நூல் கயிற்றை எடுத்தாள். இடது தோளிலிருந்து இடுப்புவரை பிடித்து ஒரு முடிச்சுப் போட்டாள். இன்னொரு கயிற்றை எடுத்தாள். வலது தோளைத் தொடாமல், காயத்தின்மேல் படாமல், காற்றிலேயே பிடித்து இடுப்புவரை இறக்கினாள். முடிச்சுப் போட்டாள். இரண்டு கயிற்றையும் சேர்த்துப் பிடித்துக் காட்டினாள். வலது முடிச்சு இரண்டு விரல் மேலே இருந்தது.

"இந்தத் தடவை சரியா எடுத்துட்டேன் அண்ணி" என்றாள். சொல்லிவிட்டுக் குனிந்து தன் கால் விரல்களைப் பார்த்துக்கொண்டாள்.

ஹாரன் ஏதோ சொல்ல வாயைத் திறந்தார். கயிற்றைப் பார்த்தார். குனிந்திருந்த தலையைப் பார்த்தார். வாயை மூடிக்கொண்டார். ஊசி மார்புக்கும் இடுப்புக்கும் அளவு எடுத்து முடிக்கும்வரை அந்த மனுஷி ஒரு வார்த்தை பேசாமல், அசையாமல் நின்றார்.